பகல் பூட்டு

காலை ஒன்பது மணிக்கு முதல் பிளேன் வரும். அது வரும்போதே நானும் வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்துவிடுவேன். நந்திதுர்க்கில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியை உரசிவிடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தாழ வந்து, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பிப் போகும். ஓட்டப் பழகுகிற பணக்காரப் பிள்ளைகளாம். பழகட்டும், யார் வேண்டாம் என்றது? அவரவர் அப்பன் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே பழக வேண்டியதுதானே. கூரைத் தகரம் அதிரும், அலமாரியில் பாத்திரங்கள் முட்டிக்கொள்ளும், டிவியில் செய்தி வாசிக்கிறவள் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பாள். அது போய் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் எழிலன் பெங்களூரில் ராத்திரி முழுக்கக் கம்பெனி ஆட்களுக்கு கார் ஓட்டுகிறார். காலை ரயிலில் பங்காருபேட்டை வந்திறங்கி, வீட்டுக்கு வந்து நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் படுப்பார். சாயங்காலம் வரை தூங்கினால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட முடியும். பிளேன் வந்த பிறகு அந்தத் தூக்கம் போய்விட்டது. போன மாதம் ஓசூர் ரோட்டில் கண் அசந்து, நின்றிருந்த லாரியின் அடியில் காரை விட இருந்தார். பின் சீட்டில் இருந்த பெண் அலறியதால் அன்றைக்கு உயிர் தப்பினார். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து அவர் காதில் பஞ்சு, தலைக்கு மேலே ஒரு தலையணை, ஜன்னலுக்குக் கம்பளி. கேபிள்காரன், தண்ணி கேன்காரன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எவரும் தட்டி எழுப்பிவிடக் கூடாதே என்று, வெளியே கிளம்பினால் கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். எங்கள் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள்.

இந்த லட்சணத்தில், பக்கத்து வீட்டு சுனிதா அதே பிளேன் ஸ்கூல் காண்டீனில் சமைக்கிறாள். புருஷன் செத்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் அடுப்பு எரிகிறது. எனக்குத் தெரியாததா? தங்கச்சி மாதிரி இருந்தவள்தான். ஆனாலும் எங்கள் மனோகர் அண்ணன், பழைய யூனியன் ஆள், பிளேன் ஸ்கூலை எதிர்த்து லைனே கூடியிருக்கும்போது அவளிடம் கேட்டார்.

"அந்த வேலய உட்டுடும்மா. நம்ம ஆளே அங்க சோறு ஆக்கிப் போட்டா நம்ம பேச்ச எவன் மதிப்பான்?"

"நான் ஆக்கலன்னா பிளேனு பறக்காம நின்னுடுமா இன்னா? எனக்கு நீங்க சோறு போடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அன்றோடு லைன் அவளோடு பேசுவதை விட்டது. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். லைனில் நடந்த ஒரு காதுகுத்துக்கு அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாள், காண்டீனில் மீந்த கேசரியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, எழில் அண்ணாவுக்குப் பிடிக்குமே என்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் எழிலன் தூக்கம் கெட்டு எழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன்.

"என் ஊட்டு வாசல்ல இனிமே உன் கால் படக்கூடாது."

அவள் கேசரியை வழித்தெடுத்துக்கொண்டு போனாள். நான் சொன்னது தப்பென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும், தண்ணீர் ரொம்பிக் கிடக்கிற அந்த ஆழத்தில் எங்கேயாவது பாறை வெடிக்கும். பர்ஸ்ட் என்போம். பூமி ஒரு உதறு உதறும். உடனே எல்லோரும் தெருவுக்கு வந்து, அவரவர் பக்கத்து வீட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் வந்தால் சரி. வராவிட்டால் யாரையும் கேட்காமல் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். முகத்தில் முழிக்காத பகையாளி வீடாக இருந்தாலும் இதுதான் நடைமுறை. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நேற்று பிளேன் ஸ்கூல் கேட்டுக்கு முன்னால் போராட்டம். வீட்டில் ஒருத்தரும் மிச்சமிருக்கக் கூடாது என்று மனோகர் அண்ணன் சொல்லிவிட்டார். எழிலனைப் படுக்க வைத்து, பூட்டி, தட்டும் கரண்டியுமாக நானும் போனேன். காண்டீனுக்கு அன்று லீவு. சுனிதா தன் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லைனில் மிச்சமிருந்தது அவளும், பூட்டிய கதவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும்தான்.

கேட்டில் தட்டைத் தட்டித் தட்டிக் கை மரத்துப் போன நேரத்தில் அந்த அதிர்வு வந்தது. ஓவென்று கத்தினோம். எதிர் வீட்டுத் தாயம்மா மண்ணை வாரி கேட்டுக்குள் தூற்றினாள். "பாத்தீங்களா, நாம நிக்கறப்பவே நம்ம நெஞ்சு மேல பிளேன ஏத்தறான்!" என்று மனோகர் அண்ணன் மைக்கில் முழங்கினார். நானும் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஷெட்டில் அத்தனை பிளேனும் உறை போட்டபடி நின்றிருந்தன. வானத்தில் ஒன்றுமில்லை. பிளேன் என்றால் முதலில் காதுக்கு வரும். இது காலுக்கு வந்தது.

"பர்ஸ்ட்டு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் பர்ஸ்ட் எது, பிளேன் எது என்று தெரியாமல் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஆட்டோவில் ஏறி லைனுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கூரையின் பின்பக்கம் ஒரு தகரம் சரிந்து தொங்கியது. கதவில் பூட்டு அப்படியே இருந்தது. சுனிதா தன் படியில் நின்றிருந்தாள்.

"கூப்ட்டியாடி?"

"கூப்ட்டேன். எழில் அண்ணா, எழில் அண்ணான்னு தொண்ட கட்டற வரைக்கும் கூப்ட்டேன். பதில் இல்ல."

"பூட்ட உடைக்கறதுக்கு இன்னா?"

அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் கல்லாக இருந்தது.

"உங்க வாசல்ல என் கால் படக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. என் வாசல்லருந்து கூப்ட்டேன்."

அவள் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்க நேரமில்லை. இடுப்பில் சாவியைத் தேடி எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை கீழே போட்டேன். பூட்டு திறந்துகொண்டது, கதவு திறக்கவில்லை. கதவு நிலை சாய்ந்திருந்தது. தோளால் மோதினேன். ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. அதன் வழியே மண் புழுதிதான் வந்தது.

"என்னங்க! என்னங்க!"

காதை அந்த இடுக்கில் வைத்தேன். உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. தகரமா, அவரா, தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்த நேரம் பார்த்து, கேட்டில் கூட்டம் கலைந்துவிட்டது போலிருக்கிறது, முதல் பிளேன் கிளம்பி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்து, எங்கள் லைன் முழுக்க அதன் சத்தமே நிரம்பியது.

திரும்பிப் பார்த்தேன். சுனிதா படியை விட்டு இறங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற சாக்கடை ஓரம் வரை வந்து நின்றிருந்தாள். கையில் அம்மிக் குழவி.

"வாடி!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அவள் ஒரு காலைத் தூக்கி, சாக்கடைக்கு மேலே நிறுத்தி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.