அங்கமுத்து பேருக்கு அர்ச்சனை

பாச்சாங் ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ராஜம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவளோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் வீரமுத்து அர்ச்சனைத் தட்டோடு பின்னால் போனான்.

நிலபுலன்களோடு வாழ்ந்த ஒரு செட்டிக் குடும்பம் நூறு வருஷத்துக்கு முன் கட்டிய கோயில் அது. மூன்று சந்நிதிகள், குளம், கல்தூண் மண்டபம். தூணுக்குத் தூண் அந்தக் குடும்பத்தாரின் பெயர்களை வெட்டி வைத்திருந்தார்கள். தோட்டத்துத் தகரக் கூரைக் கோயிலை மட்டுமே பார்த்திருந்த ராஜம்மா அண்ணாந்து பார்த்தாள். "எம்மாம் பெருசுண்ணே! இங்க வேண்டிக்கிட்டா அவங்க வந்துருவாங்க."

அவள் புருஷன் அங்கமுத்துவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம். விசாரணை இல்லாமல் தடுப்பு முகாமில் இருந்தான். அடுத்த கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு. வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலச் சட்டப்படி தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் ஆள்கள் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டதால், வீரமுத்துதான் ரப்பர் பால் வாளிக்குள் அரிசியை மறைத்துக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தான். மூன்றாம் தடவை பட்டாளத்தார் அதைக் கண்டெடுத்தார்கள். வீரமுத்து பால் வெட்டும் மரவரிசையான நிரையும் அங்கமுத்துவின் நிரையும் சேருகிற இடம் அது. யார் நிரை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அங்கமுத்து நெரைங்கய்யா," என்றான் வீரமுத்து.

அன்று சாயங்காலமே போய் ராஜம்மா வீட்டுக்கு விறகு பிளந்து போட்டான். பிறகு அதை நிறுத்த முடியவில்லை. தோட்டமே அவனை நல்லவன் என்றது.

சந்நிதியில் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். ராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க பேர நான் எப்படிண்ணே சொல்றது? நீங்களே சொல்லுங்க."

குருக்கள் மறுபடி கேட்டார்.

"அங்கமுத்து," என்றான்.

"சித்திரை நட்சத்திரம்," என்றாள் அவள்.

மண்டபத்தில் வந்து உட்கார்ந்ததும், தேங்காய் மூடியில் பெரியதை அவன் பக்கம் தள்ளினாள். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டாண்ணே. அவங்க வந்ததும் ஒங்க கால்ல விழச் சொல்லுவேன்."

"அந்த அரிசி நான் வச்சது, ராஜம்மா."

அவளுக்குப் புரியவில்லை. குங்குமத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கமுத்துக்கு ஒண்ணும் தெரியாது. பயந்துட்டேன். அவன் பேரச் சொல்லிட்டேன்."

குங்குமப் பொட்டலம் அவள் மடியில் கொட்டியது. அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். "இத போலீஸ்ல சொல்லுவீங்களா?" என்றாள்.

"நானே ஒத்துக்கிட்டா என்னைத் தூக்குல போட்டுருவாங்க, ராஜம்மா. எம்புள்ளைங்க..."

"சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

அவள் எழுந்து வாசலைத் தாண்டிச் சாலையோரம் போய் நின்றாள். எதிரே, முள்கம்பிக்குப் பின்னால் போலீஸ் ஸ்டேஷன். ஊரடங்குக்கு முன் தோட்டம் போய்ச் சேருகிற கடைசி பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது.

வீரமுத்து இடுப்பில் கட்டியிருந்த சட்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டான். பொத்தானைப் போட்டுக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் பார்த்தான். புகை கலைந்த சாலையில் ராஜம்மா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள், மடியெல்லாம் சிவப்பாக.