பூச்சூடாமல் இறங்கிய மந்தை

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மலைமேய்ச்சல் குடிசையின் வாசலில் வென்டெலின் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை இறக்கி வைத்தான். உள்ளே ஊசியிலைக் கிளைகளில் காகித ரோஜாவும் சிறு கண்ணாடியும் வைத்துக் கட்டிய, மாட்டுத் தலையில் சூட்டும் கிரீடங்கள், மொத்தம் முப்பது. நோட்புர்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பால் வாளியைக் கழுவினாள்.

"அண்ணி, கீழ ரெண்டு பஸ் நெறைய ஆளுங்க. காலையில அருவி, மதியம் கோட்டை, மூணு மணிக்குப் பூ வச்ச மாடு. நோட்டீஸ்ல அப்படித்தான் அடிச்சிருக்கேன்."

"அருவியும் கோட்டையும் எங்கயும் ஓடாது. நல்லாக் காட்டு. மாடு வெறும் தலையோடதான் வரும்."

வென்டெலின் அவளுடைய கணவனின் தம்பி. கணவன் இறந்தபின் பதினோரு கோடைகளாக ஊர் மாடுகளை மேலே ஓட்டிப்போய் மேய்ப்பவள் அவள். அதே மலையை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டிப் பிழைப்பவன் அவன்.

ஊர் வழக்கப்படி, கோடைக்கு மேலே போன மாடுகள் ஒன்றுகூடக் குறையாமல் இறங்கினால்தான் பூவும் பெரிய மணியும். ஒன்று செத்தாலும் மந்தை வெறும் தலையோடு, மணிக்குள் வைக்கோல் அடைத்து, ஓசையின்றி இறங்க வேண்டும். இந்தக் கோடையில் ஒன்று செத்திருந்தது. ஜூலை பன்னிரண்டாம் தேதி அவளுடைய சொந்தப் பசு ஃபல்கா செங்குத்துப் பள்ளத்தில் விழுந்தது. அன்று வென்டெலினின் கூட்டம் மேய்ச்சல் வழியாகத்தான் கோட்டைக்குப் போயிருந்தது. பள்ளத்துப் பக்கத்துக் கேட் அகலத் திறந்து கிடந்தது. உடலை அவனே ஜீப்பில் ஏற்றி அடுத்த பள்ளத்தாக்கில் புதைத்துவிட்டு வந்தான். ஊருக்குத் தெரியாது. மேய்க்கும் வேலை போய்விடுமோ என்று அவளும் வாய் திறக்கவில்லை.

"பூ இல்லாமப் போனா ஊரே கேக்கும்," என்றான். "மேய்க்கிறவ கவனிக்கலைன்னு உங்க தலையிலதான் விடியும். மேய்ச்சல் சங்கத்தோட நவம்பர் கூட்டத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க. பூ வச்சுட்டா உங்களுக்கு மலை, எனக்கு பஸ். இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"ஃபல்காவுக்கு."

"அது செத்து ரெண்டு மாசமாச்சு!"

"கேட்டைத் திறந்து போட்டது யாருடா?"

"நாப்பது பேர் வந்தாங்க. எவன்னு கண்டேன்?"

அவள் மந்தைக்கு முன்னால் நடக்கும் தலைமாட்டின் மணியைக் கழற்றி, அவன் கண்முன்னாலேயே அதற்குள் வைக்கோலைத் திணித்தாள். கட்டைவிரலால் இன்னும் ஒருமுறை அழுத்தினாள். அவன் ஒரு பெட்டியை எட்டி உதைத்துவிட்டுக் கீழே போனான்.

மூன்று மணிக்கு ஊர்ப் பாலத்தின் இரு பக்கமும் ஜனம் நின்றது. வெளியூர்க்காரர்கள் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வென்டெலின் வழிகாட்டிக் குடையோடு நின்றான். பித்தளை வாத்தியக்காரர்கள் முதல் அடியை ஊதத் தொடங்கினார்கள். வளைவில் தலைமாட்டின் வெறும் நெற்றி தெரிந்ததும் வாத்தியம் பாதியில் நின்றது. ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். முப்பது மாடுகளின் குளம்போசை மட்டும் பாலத்துப் பலகையில் கேட்டது.

"என்னங்க இது, பூவைக் காணோம்?" என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

மேய்ச்சல் சங்கத் தலைவர் கொர்பினியான் குறுக்கே வந்து நின்றார். "எது போச்சு?"

"ஃபல்கா. என்னோடது. ஜூலையில."

"ஜூலையிலயா? இப்பத்தான் சொல்றியா?"

"இப்பத்தான் சொல்றேன். பள்ளத்துக் கேட் திறந்திருந்துச்சு. இவன் கூட்டம் அந்த வழியாப் போன நாள்."

வென்டெலின் சிரித்தான். குடையை உயர்த்திக் கூட்டத்தையும் பார்த்தான். "நல்லாருக்கே! மாடு மேய்க்கத் தெரியாதவளுக்குப் பழி போட என் பஸ்ஸா கிடைச்சுது? தலைவரே, நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னால போறவன். பின்னால எவன் கேட்டைச் சாத்தினான், சாத்தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. மேய்ச்சலைக் கடக்கும்போது வழி தெரிந்தவன் கடைசியில் வர வேண்டும், கேட் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும் என்பதை அந்த ஊரில் ஆறு வயதுப் பிள்ளையும் அறியும்.

"முன்னால போனியா?" என்றார் கொர்பினியான் மெதுவாக.

"கோட்டை வாசல் நாலு மணிக்குச் சாத்திருவாங்க, அதான்..."

"சரி. இனிமே உன் கூட்டம் அருவியோட திரும்பிடணும். மேய்ச்சல்ல ஒரு காலடி படக் கூடாது." பிறகு நோட்புர்கா பக்கம் திரும்பினார். "நீயும் ரொம்ப நிமிராத. ரெண்டு மாசம் எங்ககிட்ட மறைச்சிருக்க. நவம்பர்ல பேசுவோம்."

"பேசுங்க," என்றாள். மலை போனாலும் போகட்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அடுத்த கணமே, போகக் கூடாது என்றும் நினைத்தாள்.

தொழுவம் வரை வென்டெலின் பின்னாலேயே வந்தான். "குடியைக் கெடுத்துட்டியே, திருப்திதானா? உன்னை மலையேற விடறேனா பாரு." பதினோரு வருஷமாக அவன் வாயில் இருந்த 'நீங்க' காணாமல் போயிருந்தது.

அவள் மாடுகளை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விட்டாள். எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தான் நுழைந்தாள். கேட்டை அவன் முகத்துக்கு நேரே சாத்தி, கொக்கியை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.