வாங்கிக்கொள்ளும் கை

பிரசவ வார்டில் அவருக்கு 'ரயில் சிஸ்டர்' என்று பெயர். எங்கள் சபையிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவருக்கு நடையே ஓட்டம்தான். இரவு டியூட்டி முடித்து, கண்ணெல்லாம் சிவந்து வருவார். ஆனாலும் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், அடுப்பில் சூப் கொதித்துவிடும். எங்கள் சபையில் அந்த சூப்பைக் குடிக்காதவர்கள் அரிது. அதைக் குடித்து எழுந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் பதிலுக்கு அவருக்கு எதையும் செய்துவிட முடியாது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நாலு ஆப்பிளை வைத்துக் கொடுத்தால், "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று அதையும் வேறொரு நோயாளிக்குக் கொண்டுபோய்விடுவார். கணவர் இறந்தபோதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது அவர்தான். "எப்பேர்ப்பட்ட விசுவாசம்!" என்று நாங்கள் வியந்தோம்.

ஒருநாள் மாலை ஒரு நோயாளிக்கு சூப் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்தார். வலது மணிக்கட்டும் இடது கணுக்காலும் முறிந்துவிட்டன. தூக்கிவிட ஓடி வந்தவர்களிடம், "என்னை விடுங்க, ஃபிளாஸ்க் மூடி எங்க உருண்டுச்சுன்னு பாருங்க" என்றாராம்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னோம்.

"சின்ன அடிதாம்மா. நீங்க உங்க வீட்டைப் பாருங்க" என்றார்.

வெளியூரில் இருக்கும் மகள் புறப்படுகிறேன் என்றாள். "வேலையைக் கெடுத்துக்காதே" என்று அவளையும் தடுத்துவிட்டார்.

பிறகு நடந்ததை அவரே எங்களிடம் சொன்னார். ஒரு காலை, குளியலறையில் ஊன்றுகோல் வழுக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. போன் படுக்கையில் கிடந்தது. ஈரத்தரையில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினாராம்: "ஆண்டவரே, யாருக்கும் தெரியாம என்னை எழுப்பிவிடுங்க."

"என்ன ஜெபம் பாருங்க" என்று எங்களிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். "எழுப்பிவிடுங்கன்னு மட்டும் கேட்டிருக்கலாம். 'யாருக்கும் தெரியாம'ங்கறது எதுக்கு?"

கதவைத் திறந்துகொண்டு வந்தது நாத்தனார், அதாவது இறந்துபோன கணவரின் தங்கை. திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் இருந்த காலத்துச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. போனை எடுக்கவில்லையே என்று நேரில் வந்துவிட்டார். சிஸ்டருக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். எதிலும் அவசரம் கிடையாது. கடையில் மேனேஜர் ஆக்குகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டவர். 'துப்பு இருந்தா விடுவாளா' என்று சிஸ்டர் மனதுக்குள் ஒரு முடிவு கட்டியிருந்தார்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"இங்கதான். உள்ள வராதே."

"வராம எப்படித் தூக்கறது?"

உள்ளே வந்தவர் அலறவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "முதல்ல மூச்சு விடுங்க."

"சிரிக்காதே."

"நான் சிரிக்கல. என் மூஞ்சியே அப்படித்தான்."

சிஸ்டர் உத்தரவு போட ஆரம்பித்தார். "முழங்காலை மடக்கு, முதுகை நேரா வை, அப்புறம் என் இடுப்பை..."

"அண்ணி, நீங்க இப்ப டியூட்டியில இல்ல. பேசாம என் கழுத்தைக் கட்டிக்கோங்க."

வேறு வழியில்லாமல் சிஸ்டர் கட்டிக்கொண்டார்.

அன்றே நாத்தனார் கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, பையோடு வந்து தங்கிவிட்டார். சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவள் காய் நறுக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். துண்டை மடிக்கத் தெரியாது. பாத்திரம் கழுவும்போது பாட்டு வேறு. படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் குறை சொல்வார். நாத்தனார் "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு, தன் போக்கிலேயே செய்துகொண்டிருப்பார்.

கீழே தரைத்தளத்தில் ஒரு சங்கீத டீச்சர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். அறுவை சிகிச்சை முடிந்து அவர் படுத்திருந்தபோது தினமும் போய்ப் பார்த்துக்கொண்டது சிஸ்டர்தான். அந்த டீச்சர் மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி, ஒரு கிண்ணத்தில் காய்கறி வேகவைத்துக் கொண்டுவந்தார்.

"நான் உங்களுக்குச் செய்யணும், நீங்க எனக்குச் செய்யறதா? வேண்டாம் டீச்சர். எடுத்துட்டுப் போய் நீங்க சாப்பிடுங்க" என்றார் சிஸ்டர்.

டீச்சர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாய்ந்து இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த நாத்தனாரின் முகம் மாறியிருந்தது. "அவங்க மூஞ்சியப் பார்த்தீங்களா?"

"பாவம், வயசானவங்க. அவங்களை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

"கஷ்டப்படுத்தினது நீங்க அண்ணி. நீங்க கொடுத்தா நாங்க எல்லாரும் வாங்கிக்கணும். நாங்க கொடுத்தா மட்டும் எங்க கை தாழ்ந்த கையா?"

நாத்தனார் கோபித்து சிஸ்டர் பார்த்ததே இல்லை.

"அண்ணன் செத்த அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சுக்கத்தான் வந்தேன். நீங்க என் கையில டீயைக் கொடுத்து, 'உட்காரும்மா'ன்னுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டீங்க. எனக்கு அவன் அண்ணன்தானே? சேர்ந்து அழ ஆளில்லாம பஸ்ஸுல அழுதுட்டே போனேன்."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். அன்று அங்கே பாட்டு இல்லை.

சிஸ்டர் படுக்கையில் கிடந்து யோசித்தார். தான் செய்த ஒவ்வொன்றையும் ஆண்டவருக்காகச் செய்ததாகத்தான் அவர் நம்பியிருந்தார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஆண்டவரே கிணற்றங்கரையில் ஒரு பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அடுத்தவர் படகில் உட்கார்ந்து பேசினார். கூப்பிட்டவர் வீட்டிலெல்லாம் போய்ச் சாப்பிட்டார். ஆண்டவர் கொடுத்ததை மட்டும் பின்பற்றி, வாங்கிக்கொண்டதை விட்டுவிட்டோமே என்று சிஸ்டருக்கு உறைத்தது. யாரிடமும் எதுவும் வாங்காமல் இருந்தது தாழ்மை இல்லை, தான் எல்லோருக்கும் ஒரு படி மேல் என்கிற நினைப்பு. "ஊசி போடறது நானா இருந்தா வலிக்காது, போட்டுக்கறது நானா இருந்தா வலிக்குது, அவ்வளவுதான்" என்று பின்னால் சொன்னார்.

மறுநாள் காலை இடது கையால் தட்டுத்தடுமாறி டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், எனக்குத் தலை கழுவணும். ஒத்தைக் கையால முடியல. கொஞ்சம் வர்றீங்களா?"

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இதோ வந்துட்டேன்!"

குளியலறையில் நாற்காலி போட்டு, கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, டீச்சர் தலை கழுவினார். நாத்தனார் தண்ணீர் ஊற்றினார். அத்தனை வருஷம் பிறர் தலையைத் துவட்டிய சிஸ்டருக்கு, அடுத்தவர் விரல் தன் தலைக்குள் அளைவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அவர் அழுதார்.

"கண்ணுல சோப்பு பட்டுடுச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். அழறேன்."

"சரி, அழுங்க. நான் நல்லா தேய்ச்சு விடறேன்."

டீச்சர் போன பிறகு சிஸ்டர் நாத்தனாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அன்னைக்குப் பேச வேண்டியதை இன்னைக்குப் பேசு. உங்க அண்ணனைப் பத்திச் சொல்லு." இரண்டு பேரும் அழுதார்கள். அண்ணன் குறட்டை விட்ட அழகைச் சொல்லி நாத்தனார் நடித்துக் காட்ட, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியில் சிஸ்டர் கேட்டார்: "மேனேஜர் வேலையை ஏம்மா வேண்டாம்னே? நான் உன்னைத் துப்புக்கெட்டவள்னு நினைச்சுட்டேன்."

"தெரியும்" என்றார் நாத்தனார், வருத்தமே இல்லாமல். "துணி வெட்டறது எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணி. சாயங்காலம் கடையைப் பூட்டினா, கடை என் கூட வீட்டுக்கு வராது. ஜெபம் பண்ண நேரம் கிடைக்குது, கூப்பிடாதவங்க வீட்டுக்குப் போகவும் நேரம் கிடைக்குது. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

இப்படி ஒருத்தி இத்தனை காலம் தன் குடும்பத்திலேயே இருந்திருக்கிறாளே என்று சிஸ்டர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எலும்பு கூடியது, வேலைக்கும் போனார். ஓட்டம் குறையவில்லை, யாராவது ஆப்பிள் கொடுத்தால் அங்கேயே துடைத்துக் கடிக்கிறார். ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, கட்டுப் பிரிக்கும் முன் அவர் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தைத்தான்.

வழக்கமாக நாங்கள் ஜெபிக்கும்போது அவர் சமையலறையில் நிற்பார். அன்று கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி, எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்று கேட்டபோது, இடது கையைத் தூக்கினார்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க. கால் வலிக்குது. தனியா இருக்க பயமா இருக்கு. பெருமையும் நிறைய இருக்கு."

ஒவ்வொருவராக எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தோம். அத்தனை பேரும் ஜெபித்து முடித்த பிறகு, நன்றி சொல்வதாக அவரே ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இவங்களுக்காக ஸ்தோத்திரம். இவங்க கைகளுக்காக..."

குரல் தேய்ந்தது. காத்திருந்தோம். மெல்லிய குறட்டை கேட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எங்கள் ரயில் சிஸ்டர் நாத்தனாரின் தோளில் தலை சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆமென்" என்றார் நாத்தனார் மெதுவாக, தோளை அசைக்காமல்.