பேசிக்கொண்டே இருந்த போன்

“அவ அம்மா நம்பர் குடுங்க” என்றாள்.

வார்டன் தலையை நிமிர்த்தவில்லை. விடுதியில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள், பிள்ளைகளின் வீட்டு நம்பரை மட்டும் கேட்கவே கூடாதென்று. வீட்டோடு பேசுவது வார்டன் பாடு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதும், பேசியதை வாராவாரம் எழுதிக் கொடுப்பதும்தான் அவள் பாடு. உட்காரச் சொன்னார் வார்டன். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

சிடுமூஞ்சிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதினைந்து வயதுப் பெண். அந்தப் பெயரை வைத்த பிள்ளைகளே அவளிடம் பேசப் பயப்படுவார்கள். முதல் இரண்டு மாதம் கேட்ட கேள்விக்கெல்லாம் மேசையை நகத்தால் சுரண்டியதுதான் பதில். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் எதுவுமே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் கழித்து, “நீங்க ஃபெயில் ஆயிருக்கீங்களா?” என்றது குரல். ரெண்டு பேப்பர், அதிலும் ஒன்றில் ரெண்டு தடவை என்றாள். அன்றைக்குத் திறந்த வாய்தான்.

ஒருநாள் சிடுமூஞ்சி சொன்னாள்: “அம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தாதுக்கா. நான் போனை மேசைமேல வச்சிட்டுத் தலை பின்னுவேன். அது பாட்டுக்குப் பேசிட்டே இருக்கும்.” சிரித்தாள். பிறகு ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டு, “அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பின்றது நல்லாருக்கும்” என்றாள்.

அந்த வாரக் குறிப்பில் அவள் எழுதியது முதல் பாதியை மட்டும். தாய் பேசும்போது கவனிப்பதில்லை, போனை வைத்துவிட்டுத் தலை பின்னுகிறாள் என்று நறுக்கென்று முடித்திருந்தாள். மிச்சத்தையும் சேர்த்தால் அந்த நறுக்கு போய்விடும் என்று தோன்றியது. தான் எழுதுவதைப் படிக்க அவளுக்கு வீட்டில் ஆளில்லை. வார்டன் படித்துவிட்டு, என்னமா எழுதுற என்று சொன்ன நாள் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அதைத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் வார்டன் போனில் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மகளைப் பற்றித் தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, சரிங்கம்மா என்று வைத்துவிட்டாராம். காலையில் டீ குடிக்கும்போது வார்டன் இதை ஊர்க்கதை மாதிரி சொன்னார். அப்போதிருந்து அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

“யாரைக் கேட்டு நீங்க அதைப் படிச்சுக் காட்டுனீங்க?”

“நீ எழுதுனதைத்தானே படிச்சேன். நானா ஒரு எழுத்து சேத்தேனா?” வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். “நம்பர் அவளுக்கே மனப்பாடம். அவகிட்டயே கேக்கலாமே. ஏன் இங்க வந்து நிக்கிற?”

காலையிலிருந்து கொதித்த கோபத்துக்கு அடியில் இருந்தது வெறும் பயம். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, மிச்சப் பாதியைச் சொல்லி, எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த வார்டன் என்ன நினைத்தாரோ, ஒரு துண்டுத்தாளில் நம்பரை எழுதி நகர்த்தினார். குரல் இறங்கியிருந்தது. “இந்தா. நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட நைசா பேசி முடிச்சிடு. அவகிட்ட மட்டும் உளறி வைக்காதம்மா. இனி ஜென்மத்துக்கும் உன்கிட்ட வாயைத் திறக்க மாட்டா.”

திறக்காமலே போகலாம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

“நான்தான எழுதுனேன். நானே அவகிட்ட சொல்லிக்கிறேன் மேடம்.”

துண்டுத்தாள் மேசையிலேயே கிடந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முற்றத்துக்கு எதிரே படிப்பு அறையின் ஜன்னல்கள் திறந்திருந்தன. சிடுமூஞ்சி அவளைப் பார்த்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். அந்த நாற்காலியை நோக்கி அவள் முற்றத்தின் குறுக்கே விறுவிறுவென்று நடந்தாள்.