மழைக்கு முந்தின கல்யாணம்

என் வீட்டுக்காரர் ஜெயராமனைப் போல ஒரு பிடிவாதக்காரரை இந்தத் திருமுல்லைவாயிலில் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவர் பெண்டாட்டிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். போன வெள்ளத்தில் தெருவே படகில் ஏறிப் போய்விட்டது. இவர் மட்டும், எவனாவது டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று, அதைத் தலையில் வைத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்றார். டிவி பிழைத்தது. இவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். இன்னொரு தடவை இந்த மாதிரி நின்றால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது அந்த மனுஷனுக்கே தெரிந்துவிட்டது, பாருங்கள்.

அதனால்தான் நிவேதிதா என்கிற பெண் வந்து அந்தத் திட்டத்தைச் சொன்னதும் நான் முதல் ஆளாகத் தலையாட்டினேன். அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வெள்ளம் வடிந்தபிறகு பாயும் போர்வையும் கொடுப்பது பழைய வழக்கம். இவர்களோ, பெருமழை வரும் என்று வானிலைக் கணிப்பு சொன்ன உடனே, ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே, எங்கள் ஏரிக்கரைத் தெரு மகளிர் குழுவின் கணக்கில் பணம் போட்டுவிடுவார்களாம். அதை வைத்து மேட்டில் இடம் பிடித்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட வேண்டியது எங்கள் பொறுப்பு. மழை ஏமாற்றிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். குழுவுக்குத் தலைவி நான்தான்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பணம் வந்து சேர்ந்தது. ஞாயிறு மதியத்துக்குமேல் கொட்டப்போகிறது, ஏரி வழியும், அதற்குள் தெருவைக் காலி செய்துவிடுங்கள் என்று நிவேதிதா போனில் சொன்னாள். வெளியே வந்து பார்க்கிறேன், மண்டையைப் பிளக்கிற வெயில். எதிர்வீட்டு சபீனா மிளகாய் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். தண்ணி வரட்டும் அக்கா, வந்ததும் கிளம்பிடலாம் என்றார்கள். தண்ணி வந்தபிறகு எங்கே கிளம்புவது, நீந்தியா? எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலாவது வீட்டுக் காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? இவர் கட்டிலில் படுத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த வெயில்ல அகதியாப் போவ நா இன்னா லூசா?" என்றார்.

சரி, இடத்தையாவது பிடித்து வைப்போம் என்று மெயின் ரோட்டு மேட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போனேன். அங்கே மேனேஜர் பார்த்தசாரதி. வெள்ளத்துக்காக மண்டபம் வேண்டும் என்றேன். அந்த ஆள் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெள்ளம் வந்தா வந்து கேளுங்கம்மா, வராத வெள்ளத்துக்கு எப்படிக் கொடுக்கிறது, விசேஷம்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலியாத்தான் இருக்கு என்றார். ஊரே ஒரே பாட்டைப் பாடினால் நான் என்ன செய்ய? வாயில் எப்படி வந்ததோ தெரியாது, மணிவிழா என்றேன். யாருக்கு என்றார். எங்களுக்குத்தான் என்றேன்.

இவருக்கு அறுபது முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோயில் ஐயரைக் கேட்டேன். தாமதமானாலும் தப்பில்லை என்றார். அன்றைக்கே அழைப்பைத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். மழை என்ற வார்த்தையையே எழுதவில்லை. ஞாயிறு காலை முகூர்த்தம், வடை பாயசத்தோடு விருந்து, நாதஸ்வரம் உண்டு, குடும்பத்தோடு வரவும், அவ்வளவுதான். மூன்று தடவை எச்சரிக்கை அனுப்பியும் கண்டுகொள்ளாத தெரு, ஐந்து நிமிஷத்தில் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பிக் குவித்துவிட்டது.

இவர் தாம்தூம் என்று குதித்தார். இன்னாத்துக்கு இந்த வயசில் மாலை, மானம் போகிறது என்றார். மாங்காட்டில் இருக்கிற அவருடைய அக்கா லோகநாயகிக்குப் போன் போட்டு இவர் கையில் கொடுத்தேன். தம்பிக்குக் கல்யாணம் பார்க்க அக்காவும் மாமாவும் காரே பிடித்துவிட்டார்களாம். அக்கா பேசப் பேச இவர் முகம் இளகிப்போய், சரிக்கா, சரிக்கா என்பதோடு நின்றுவிட்டார். அக்கா பேச்சைத் தட்டுகிற தைரியம் இவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணம் என்றதும் பெண்கள் பீரோவில் இருந்த நகை மொத்தத்தையும் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள், நல்ல பட்டுப்புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். சபீனா, வெளியே வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த மாமியாரைப் பாயசத்தைச் சொல்லியே ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். நான் வீடு வீடாக ஏறித் தொண்டை கிழியச் சொல்லியும் நடக்காதது, ஒரு வடைக்கு நடந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாலை மாற்றினோம். இவருக்கு வெட்கம் தாங்கவில்லை. தாலி கட்டும்போது எனக்குக் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் சாப்பிட்டு முடித்தும் வெயில் போகவில்லை. ஆட்கள் தாம்பூலப் பையோடு செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி, ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும் உண்டு என்று அறிவித்தேன். செருப்பைப் போட்டவர்கள் கழற்றினார்கள்.

நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது பாருங்கள், மண்டபத்துத் தகரக்கூரை சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மண்டபத்துக்கு வராமல் தன் வீட்டு மூன்றாவது மாடியிலேயே தங்கிவிட்ட ஒரு தெருப் பையன் வீடியோ அனுப்பினான். எங்கள் தெரு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டி வாசலுக்கு நடந்தார்.

"டிவி கீழயே கீது. ஓட்டமா போயி மேல வெச்சிட்டு வந்துடறேன்," என்றார்.

கையைப் பிடித்தேன், உதறினார். அக்கா கத்தினாள், அதையும் கேட்கவில்லை. நீங்க போனா எனக்கு யாரும் இல்லைங்க என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி அழுதேன். நின்றார், ஆனால் திரும்பவில்லை. அப்போதுதான் அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது. சடங்கில் ஐயர் கட்டிய காப்பு. ஆடி மாதம் அம்மனுக்குக் காப்பு கட்டினால், அதை அவிழ்க்கிறவரை எங்கள் பக்கத்தில் ஊர் எல்லை தாண்ட மாட்டார்கள். இவர் அதில் ஒரு படி மேல். ஆவடி பேக்டரியில் வேலை பார்த்த காலத்தில், காப்பு கட்டிய வாரம் வேலைக்கே லீவு போட்டவர்.

"காப்போட வாசல் தாண்டுறீங்களே," என்றேன்.

தூக்கிய காலை இவர் கீழே வைத்தார். நேராக ஐயரிடம் போய், சாமி, இத்தக் கொஞ்சம் அவுத்து வுடு என்றார். நான் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஐயரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இப்போ நேரம் சரியில்லே. மழை விடட்டும், பார்க்கலாம்," என்றார்.

வானிலை ஆபீஸ் சொன்னதை நம்பாத மனுஷன் இதை நம்பினார். என்னோடு பேசாமல் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆறு பரோட்டா சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்தபிறகு ஐயர் காப்பை அவிழ்த்துவிட்டார், வீட்டுக்குப் போனோம். பின்பக்கச் சுவர் ஊறி, உள்பக்கமாக இடிந்து விழுந்திருந்தது. இவர் படுக்கிற கட்டில் அதற்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. இவர் டிவியைத் தேடவில்லை, கட்டிலைத்தான் பார்த்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நா இங்கதான் படுத்துகினு இருந்திருப்பேன் கமலம்," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் நிவேதிதா கணக்கு எழுத வந்தாள். மண்டபம், சாப்பாடு எல்லாம் சரி, நாதஸ்வரத்தை எந்தத் தலைப்பில் போடுவது என்று தலையைச் சொறிந்தாள். எச்சரிக்கைச் சங்கு என்று போடும்மா, அதைக் கேட்டுத்தானே எல்லோரும் வந்தார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினாள். இவர் அதுவரை வாசலில் சேற்றை வாரிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து, அடுத்த மழைக்கு எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள் என்று அவளைக் கேட்டார்.

"ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுவோம் அங்கிள்."

"பத்தாதும்மா. சமையல்காரன் கெடைக்கறது கஷ்டம்," என்றார் இவர். "எங்க அக்கா ஊட்டுக்காரருக்கு எழுவது ஆவுது, அந்தக் கல்யாணத்த வெச்சிக்கலாம். மண்டபத்துல பேசிட்டேன், ஐயர்கிட்டயும் சொல்லிட்டேன். தேதி மட்டும் நீ சொல்லு."