சிகாமணிக்கு இன்னும் பதினேழு நாள்

மூன்றாவது தடவையாக வேட்டியை இழுத்து அப்பாவின் காலை மூடினாள் துளசிமணி. நாட்ராயன் மாமா நாலாவது தடவையாக அதை முழங்கால் வரைக்கும் ஏற்றினார்.

"நல்லாப் பாருங்க. கணுக்கால்ல இருந்து இது வரைக்கும் கீறி நரம்ப உருவியிருக்கறானுங்க. கால்ல இருக்க வேண்டிய நரம்பு கால்லதான இருக்கோணும்? அதக் கொண்டுபோயி நெஞ்சுல வெச்சுத் தெச்சா நிக்குமா?"

துக்கம் கேட்க வந்திருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

நாட்ராயன் அவள் அம்மாவுக்கு அண்ணன். மீனாட்சிபுரம் பால் சொசைட்டிக்குப் பதினைந்து வருஷம் பிரசிடென்ட். பதவி போய் ஆறு வருஷமாகியும் ஊர் அந்தப் பெயரைத் திரும்ப வாங்கவில்லை. அவரும் கொடுப்பதாக இல்லை. எழவு வீட்டுக்கும் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடுதான் வந்திருந்தார். அவருக்கும் இதே பைபாஸ்தான், கோயமுத்தூரில் இதே டாக்டர், ஐந்து வருஷத்துக்கு முன்னால். அதிலிருந்து இருதய விஷயத்தில் டாக்டரைத் தனக்கு ஒரு படி கீழேதான் வைத்திருந்தார். அந்த ஆள் திறந்து பார்த்தவர்தானே, திறந்து காட்டியவர் இவரல்லவா.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் சொன்னது துளசிமணிக்கு நினைவிருந்தது. "காலில் இருந்த ரத்தக்குழாய் மெதுவான ஓட்டத்துக்குப் பழகினதும்மா. நெஞ்சில வேகம் ஜாஸ்தி. சர்க்கரை இருக்கறவங்களுக்கு உள்ள தடிச்சு சீக்கிரம் அடைச்சுக்கும். ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒண்ணு. இந்த ரெண்டும்தான் அதைத் திறந்து வெச்சிருக்கப் போகுது. ஒரு நாள்கூட விடாதீங்க."

மாமாவின் வைத்தியம் தொழுவத்திலிருந்து வந்தது. மடிநோய் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டால் அஞ்சு நாளைக்கு அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்ற விடமாட்டார்கள். மருந்து உடம்பை விட்டு இறங்க வேண்டும். "மாட்டுக்கே அஞ்சு நாளுன்னா, மூணு வருசமா முழுங்கற மனுசனுக்கு ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளாச்சும் நிறுத்த வேண்டாமுங்களா?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் பால் ஊற்றிய அப்பா ஆறுச்சாமிக்கு அது டாக்டர் பேச்சைவிட நன்றாகப் புரிந்தது. மாத்திரையை நிறுத்தினார். அவர் தம்பி சிகாமணிக்கும் சர்க்கரை, அவர் காலிலும் அதே தழும்பு. அண்ணன் நிறுத்திய அன்றே அவரும் நிறுத்தினார். இன்று முப்பத்தோராவது நாள். விடியலில் பால் கறக்க உட்கார்ந்த ஆறுச்சாமி, மாட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

இவ்வளவும் பக்கத்துச் சித்தூரில் குடியிருக்கும் துளசிமணிக்குக் காலையில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. சித்தப்பா தலைமாட்டில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மகன் இல்லாததால் கொள்ளி அவர்தான் வைக்க வேண்டும்.

"சித்தப்பா, எந்திரிச்சு வந்து மாத்திரையப் போடுங்க. அப்பா போனது பத்தாதுங்களா?"

சிகாமணி அவளைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

"கொள்ளி வெக்கறவன் வாயில ஒண்ணும் படக்கூடாது அம்மிணி," என்றார் மாமா. "அதுமில்லாம மண்டலத்தப் பாதியில முறிச்சா வெசமாயிரும். உங்கப்பன் போனதே அதனாலதான். முந்தாநாளு நெஞ்சு கரிக்குதுன்னு திருட்டுத்தனமா ஒண்ணப் போட்டிருக்கறாரு. சிகாமணிக்கு இன்னும் பதினேழு நாளு. பல்லக் கடிச்சுட்டு இருந்தாப் போதும். என்னையப் பாரு, அஞ்சு வருசமா ஒரு மாத்திரை உள்ள போனதில்ல. கல்லாட்டம் இருக்கறன்."

நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். சித்தப்பா தலையாட்டினார். கூட்டத்திலும் நாலைந்து தலைகள் ஆடின.

வாடிய மாலை, ஊதுபத்தி, மாமாவின் அத்தர் எல்லாம் சேர்ந்து துளசிமணியை எழ வைத்தன. வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து மாட்டுக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை என்று நினைவு வந்து, தொழுவத்துக்குப் பின்னால் போனாள்.

அங்கே குழாயடியில் மாமா நின்றிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் மாத்திரை அட்டை. கட்டைவிரலால் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீரில் இறக்கினார். ரொம்பப் பழகின கை. தலையைப் பின்னால் சாய்க்கக்கூட இல்லை.

"என்னங்க மாமா அது?"

மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. பேனாக்கள் மறித்தன. அட்டை பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது.

"கேஸு அம்மிணி. காலைல இருந்து வயிறு காலி பாரு."

அவள் அதை உருவிப் படித்தாள். அப்பாவின் மருந்துச் சீட்டில் இருந்த அதே பெயர், அதே அளவு. பத்துக் குழியில் ஆறு காலி.

"ஊட்டுல நிறுத்த உடமாட்டீங்கறாங்க..." மாமாவின் குரல், ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தது போல இறங்கியிருந்தது. "இதப் போயிப் பெருசு பண்ணாத. எழவு ஊடு."

"நான் ஏனுங்க பெருசு பண்றன்?"

அட்டையோடு முன்பக்கம் வந்தாள். பாடை கட்டி முடிந்திருந்தது.

"சித்தப்பா, பிரசிடென்ட் மாமா இப்பத்தான் ஒண்ணு போட்டாருங்க. கேஸுக்குங்களாமா. உங்களுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பிச்சாரு."

சிகாமணி அட்டையைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். மூன்று வருஷம் தினமும் பார்த்த பெயர். ஆனாலும் எழுத்து எழுத்தாக, புதிதாகப் படிப்பவர் போல நேரம் எடுத்துக்கொண்டார். காலிக் குழிகளை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். தொழுவத்து மூலையில் வந்து நின்றிருந்த மாமா, சரியாகவே இருந்த சட்டைக்காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சிகாமணி, சடங்குன்னு ஒண்ணு இருக்குது..."

யாரும் திரும்பவில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்த ஆள் மட்டும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார். இறங்கவில்லை. மென்றார்.

"தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணு. எடுத்துரட்டும்."

எடுத்தார்கள். சித்தப்பா தீச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் நிற்க வேண்டிய வேலியோரத்தில் துளசிமணி நின்றுகொண்டாள். அவளைத் தாண்டும்போது அவர் முகம் கசப்பில் கோணியிருந்தது. உதட்டோரத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. துடைக்கச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டுவிட்டாள்.