தாமரையில் ஒரு கறுப்புக் கட்டம்

புனோம்பென் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஒலிம்பிக் ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் அதன் திறப்பு விழாவில் நாங்கள் ஆயிரம் மாணவர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, கேலரி முழுக்க வெள்ளைத் தாமரை ஒன்றை விரித்தோம். நாற்பது வருஷம் கழித்து அந்தப் புகைப்படம் அதே ஸ்டேடியத்துக் கண்காட்சியில் சுவரளவுக்குத் தொங்கியது.

இதழின் நடுவே ஒரே ஒரு கறுப்புக் கட்டம்.

"யாருப்பா இந்த மடையன்?" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

"நான்தாம்மா," என்றான் என் பக்கத்தில் நின்ற ஹெங். "அன்னிக்கு வாத்தியார் விட்ட அறையில ஒரு காது போச்சு. திட்டுறதைக் கொஞ்சம் சத்தமாத் திட்டு!"

உண்மையில் அட்டையைத் திருப்பிப் பிடித்தவன் நான். வாத்தியார் பிரம்போடு வந்தபோது, அடிக்குப் பயந்து ஹெங்கைக் கைகாட்டியவனும் நான். அவனை அட்டை அணியிலிருந்தே துரத்தினார்கள். பிறகு ஆட்சியாளர்களே மக்களைக் கொன்று குவித்த காலத்தில் எங்கள் வகுப்பில் உயிரோடு மிஞ்சியது நாங்கள் இருவர்தான். இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று இத்தனை வருஷம் நிம்மதியாகவே இருந்துவிட்டேன்.

வெளியே படிக்கட்டில் அவன் கையைப் பிடித்தேன். "ஹெங், அந்தக் கட்டம் நான்டா."

"தெரியும்டா. பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா உள்ள அப்படிச் சொன்னே?"

"அத்தனை பேர் முன்னாடி நீ வாயைத் திறக்கிறியான்னு பாத்தேன்," என்றான் ஹெங். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.